அல்லிக்குழி மலையும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும்

மலை ஏறச் செல்வோம் என்றால் உடனே நம் நினைவுக்கு வருபவை உதகையும் கொடைக்கானலும் ஏற்காடும்தான். கும்மிடிப்பூண்டியில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு, நம் மாவட்டத்திலேயே ஒரு மலைத்தொடர் இருப்பது தெரியாது. கிழக்கே கடலும் பழவேற்காடு ஏரியும் நமக்குத் தெரியும். தந்தையரும் அண்ணன்மாரும் வேலைக்குச் செல்லும் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் தெரியும். மேற்கே ஊத்துக்கோட்டையைக் கடந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், புதர்க்காடு போர்த்திக் கிடக்கும் அல்லிக்குழி மலையை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

அது இமயத்தைப் போல் ஓங்கிய மலையன்று. கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டரைக்கூட எட்டாத சிறிய மலைதான். ஆயினும், மனிதகுலத்தின் மிகப் பழைய கைவேலையை இந்திய மண்ணில் தேட விரும்புகிறவர் எவராயினும் அந்த மலையடிவாரத்துக்கு வந்தே தீர வேண்டும். அங்கே நமக்கு முன்னால் நடந்து வழி காட்டியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று அறிஞர் உலகம் போற்றும் அப்பெரியாரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் இந்திய வருகையும்

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டனம் என்னும் ஊரில் பிறந்தார். 1858-ஆம் ஆண்டின் இறுதியில், தமது 24-ஆம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியேற்றார். அப்போது அத்துறை தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தாமஸ் ஓல்டம் என்பவர் அதன் தலைவராக இருந்தார். ஃபூட்டுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி சென்னை மாகாணம்.

நிலவியலாளரின் பணி, நாற்காலியில் அமர்ந்து செய்யும் பணியன்று. மழை ஓய்ந்ததும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். கோடை வெயில் கொடுமையாகும் வரை ஊர் ஊராக, குன்று குன்றாக நடக்க வேண்டும். எங்கே எந்தப் பாறை, அது எத்திசையில் சாய்ந்திருக்கிறது, அதன்மேல் படிந்த மண் எது என்று குறித்து வரைபடம் எழுத வேண்டும். தமக்கு முற்றிலும் பழக்கமில்லாத ஒரு நாட்டில் இவ்வாறு முப்பதாண்டுகளுக்கு மேல் அலைந்தவர் ஃபூட்.

தமிழ் மக்களுக்கும் அவருக்கும் ஓர் உறவுண்டு. அவர் மணந்த எலிசபெத் அம்மையார், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், பின்னர் சென்னையில் தினவர்த்தமானி என்னும் தமிழ் இதழை நடத்தியவரும் இந்தப் பெர்சிவலே. தமிழும் திருமறையும் மணந்த வீட்டின் மருமகனாக இருந்தவர் நம் ஃபூட் என்பதை மனத்தில் கொள்வோம். அது பின்னால் நமக்குப் பயன்படும்.

பல்லாவரத்தில் கிடைத்த கல்

அக்காலத்தில் ஐரோப்பாவில் அறிஞரிடையே பெரும் விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிரான்சு நாட்டில் சோம் என்னும் ஆற்றின் சரளைப் படிவுகளில், மறைந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு செதுக்கிய கற்கள் கிடைத்தன. அவற்றை மனிதர் செய்த கருவிகள் என்று பூஷே த பெர்த் என்பவர் பல ஆண்டுகள் கூறியும் கேட்பார் இல்லை. 1859-இல் பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து, அவர் கூறியது உண்மையே என்று அறிவித்தனர். இச்செய்தியை ஃபூட் ஆர்வத்தோடு படித்திருந்தார். அங்கே கிடைத்தது இங்கே ஏன் கிடைக்கக்கூடாது என்ற கேள்வி அவர் நெஞ்சில் விதையாக விழுந்தது.

அந்த விதை 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் முளைத்தது. புனித தோமையார் மலையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய ஒரு குழியருகே ஃபூட் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். எத்தனையோ பேர் மிதித்து நடந்த இடம்தான் அது. குழியைத் தோண்டியவர் கண்ணுக்கு அது வெறுங்கல். ஃபூட்டின் கண்ணுக்கு அது கைக்கோடரி.

வெறுங்கல்லையும் கருவியையும் எவ்வாறு வேறுபடுத்துவது என்று நாம் கேட்கலாம். ஆற்றில் உருண்டு வரும் கல் முனை மழுங்கி உருண்டையாகும். தற்செயலாக உடையும் கல் ஏதேனும் ஓரிடத்தில் ஒழுங்கின்றி உடையும். மனிதன் செதுக்கிய கல்லில் ஒரு பக்கத்திலும், அதைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலும் வரிசையாகச் சில்லுகள் பெயர்த்த வடுக்கள் இருக்கும். இரு பக்கமும் ஏறத்தாழ ஒத்திருக்கும். ஒரு முனை கூராகவும், மறுமுனை உள்ளங்கையில் அடங்கும்படியும் அமைந்திருக்கும். ஓர் எண்ணம் முன்னே செல்ல, கை அதைப் பின்தொடர்ந்ததற்கான அடையாளம் அது. இந்த நுட்பத்தை ஃபூட் அறிந்திருந்தார். ஆகவே கல்லைக் கண்டதும் அதைச் செய்த கையையும் கண்டார்.

அத்திரம்பாக்கமும் குடியமும்

ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு உலகை நம்பவைக்க முடியாது. அதனால் ஃபூட் தம்முடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரோடு தேடலைத் தொடர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றின் அருகேயுள்ள அத்திரம்பாக்கத்தில் அவர்களுக்குப் பெரும் புதையல் கிட்டியது. அங்கே ஓடைகள் அரித்த மண்ணில் ஒன்றல்ல, பல கற்கருவிகள் கிடந்தன. அவற்றுள் சில, தாம் படிந்த மண்ணடுக்கிலேயே பதிந்திருந்தன. சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அச்சிற்றூரின் பெயர் அன்று முதல் உலக அறிஞரின் நூல்களில் இடம்பெறலாயிற்று. அல்லிக்குழி மலையிலுள்ள குடியம் குகைகளும் ஃபூட்டின் முயற்சியால்தான் அறிவுலகின் பார்வைக்கு வந்தன.

அக்குகைகளை நாங்களும் சென்று கண்டோம். குடியம் சிற்றூரிலிருந்து முட்புதர்களுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். நிழல் குறைவு. கால்கீழே எங்கும் கூழாங்கற்கள் உருளும். நம் வீட்டுக்கு இவ்வளவு அருகில் இத்தகைய காடு உண்டா என்று வியந்தபடி ஏறினோம். திடீரென்று பாதை திரும்பியதும், ஒரு மாபெரும் பாறைக் கூரை நம் தலைக்கு மேல் கவிந்து நின்றது. அதன் அடியில் ஊர் மக்கள் வழிபடும் அம்மன் கோவில் ஒன்று உள்ளது. பாறையில் தேன்கூடுகள் தொங்குவதால் சத்தமிடாமல் நிற்கும்படி ஆசிரியை எச்சரித்தார்.

அந்தப் பாறையை உற்றுப் பார்த்தபோதுதான் ஃபூட் சென்ற வழி எங்களுக்கு விளங்கியது. எண்ணற்ற கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து இறுகி உருவான பாறை அது. அக்கூழாங்கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் கடினமான கல். மழையும் வெயிலும் பாறையை அரிக்கும்போது கற்கள் உதிர்ந்து அடிவாரத்துக்கு வருகின்றன. தண்ணீருக்கு ஆறு, கருவிக்குக் கல், தங்குவதற்குக் குகை, உணவுக்கு விலங்குகளும் காட்டுக் கனிகளும்! ஆதிமனிதர் இங்கே வந்து தங்கியதில் என்ன வியப்பு இருக்கிறது? நம் பெற்றோர் வேலை தேடி இப்பகுதிக்கு வந்தது போலவே அவர்களும் மூலப்பொருளைத் தேடி இங்கே வந்தார்கள் போலும். தொழிற்பேட்டை நம் வட்டாரத்துக்குப் புதிதன்று!

உழைப்பும் பிழையும்

1866-இல் ஃபூட் தம் கண்டுபிடிப்புகளை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். அதன் பிறகும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மதுரை, திருநெல்வேலி, நெல்லூர், பல்லாரி, தார்வார் என்று தென்னாட்டின் பெரும்பகுதியை நடந்தே அளந்தார். பல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகளையும், புதிய கற்காலக் குடியிருப்புகளையும் ஆராய்ந்தார். தென்னிந்தியாவின் மிகப் பழைய பாறைத் தொகுதிகளுள் ஒன்றுக்கு அவர் இட்ட தார்வார் என்னும் பெயரே இன்றும் நிலவியலில் வழங்குகிறது. தமது வாழ்நாளில் அவர் கண்டறிந்த தொல்பழங்கால இடங்கள் நானூறுக்கும் மேற்பட்டவை.

1884-இல் கர்நூலை அடுத்த பில்லசர்க்கம் குகைகளை ஆராயும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. படைப்பிரிவில் அலுவலராக இருந்த அவருடைய மகன் ஹென்றியும் அங்கே அகழாய்வில் உழைத்தார். தந்தையும் மகனுமாகக் குகை மண்ணைச் சலித்து, பழங்கால விலங்குகளின் எலும்புகளை வெளிக்கொணர்ந்தனர்.

அவர் கூறிய அனைத்தும் சரியாக இருந்தன என்று நாம் சொல்லவில்லை. நம் பகுதியின் செம்புறாங்கல் படிவுகள் கடலுக்கு அடியில் உண்டானவை என்று அவர் கருதினார். பிற்கால ஆய்வு அதை ஏற்கவில்லை. அந்தக் கருவிகளின் வயது எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிட அவர் காலத்தில் வழியும் இல்லை. ஆயினும், எந்தக் கருவி எந்த ஊரில் எந்த மண்ணில் கிடைத்தது என்பதை அவர் நேர்மையாகக் குறித்துவைத்தார். அவருடைய கருத்து தவறிய இடத்திலும் குறிப்பு தவறவில்லை. அதனால்தான் பின்வந்தோர் அவருடைய ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பிச் செல்ல முடிந்தது.

1891-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் பரோடா அரசுக்கும், அதன் பின் மைசூர் அரசுக்கும் நிலவியல் பணி புரிந்தார். ஏற்காட்டு மலையில் வீடு அமைத்து வாழ்ந்தார். வாழ்நாளெல்லாம் திரட்டிய கருவிகளையும் பழம்பொருள்களையும் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. முதுமையிலும் அவற்றுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் தமது 78-ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் எழுதிய பட்டியல் 1914-இலும், அதற்கான விளக்கக் குறிப்புகள் 1916-இலும் அவருடைய மறைவுக்குப் பின்னரே நூல்களாக வெளிவந்தன. தம் நூலை அச்சில் காணாமலே அவர் சென்றுவிட்டார்.

பின்வந்தோர்

ஃபூட் ஏற்றிய விளக்கு அணையவில்லை. 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி குடியம் குகைகளில் அகழாய்வு செய்தார். 1985-இல் பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்றை நிறுவியது. 1999 முதல் சாந்தி பப்பு என்னும் பெண் அறிஞர், தம் குழுவினருடன் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு நடத்தினார். ஃபூட்டுக்கு இல்லாத அறிவியல் முறைகள் அவருக்குக் கிடைத்திருந்தன. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் கல்லில் உண்டாகும் அணுக்கள், கல் மண்ணுக்குள் புதைந்த பின் எவ்வளவு சிதைந்துள்ளன என்று அளந்து, அது புதைந்த காலத்தைக் கணிக்கும் முறை அவற்றுள் ஒன்று.

2011-இல் வெளியான முடிவு உலகையே வியக்கவைத்தது. அத்திரம்பாக்கத்தின் அடியடுக்கிலுள்ள கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள்! மேலடுக்குகளில், பெரிய கைக்கோடரியை விட்டுச் சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மாறும் மாற்றம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2018-இல் அவர்கள் அறிவித்தனர். ஃபூட் குனிந்து எடுத்த கற்களின் முழு வயது, அவர் மறைந்து ஏறத்தாழ நூறாண்டு சென்ற பிறகே, நம் நாட்டுப் பெண் ஒருவர் தலைமையில் நடந்த ஆய்வால் தெரியவந்தது. அறிவியல் நமக்கு எதற்கு என்று தயங்கும் தங்கையர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஒரு கேள்வி

இவ்விடத்தில் எங்களுக்குள் எழுந்த ஒரு கேள்வியை மறைக்க விரும்பவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது எங்களுள் ஒருத்தி, ஆதாமும் ஏவாளும் பற்றி மறைக்கல்வி வகுப்பில் படித்ததற்கும் இந்தப் பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டாள். சிலர் அவளை அடக்கப் பார்த்தார்கள். உடன் வந்த அருட்சகோதரி அவளை அடக்கவில்லை. கேள்வி கேட்பது நம்பிக்கைக் குறைவு அல்ல என்று சொல்லி, கற்களைப் பற்றிய அறிவியலுக்கு வழி திறந்தவரே ஓர் ஆயர் என்ற செய்தியை எடுத்துரைத்தார்.

அந்த ஆயரின் பெயர் நீல்ஸ் ஸ்டென்சன். டென்மார்க்கில் பிறந்த அவர் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவி, குருவாகி, ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணடுக்குகளில் கீழுள்ளதே பழையது என்னும் அடிப்படை விதியை 1669-இல் எழுதியவர் அவரே. அத்திரம்பாக்கத்தில் அடுக்கடுக்காக அகழ்ந்தவர்களும் அவ்விதியின்மேல் நின்றே அகழ்ந்தார்கள். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் என அறிவித்தார். விவிலியத்தின் தொடக்கநூல், உலகை யார் படைத்தார், எதற்காகப் படைத்தார் என்பதைக் கற்பிக்கிறது. எப்போது, எந்த வரிசையில் என்று ஆண்டுக் கணக்குச் சொல்லும் வரலாற்று நூலாக அதை எண்ண வேண்டியதில்லை. ஃபூட்டின் காலத்தில் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரத்தில் உலகம் கி.மு. 4004-இல் தோன்றியது என்ற கணக்கு அச்சிடப்பட்டு வந்தது. அது திருநூலின் சொல்லன்று. மனிதர் போட்ட கணக்கு. அத்தகைய காலத்தில், ஒரு பாதிரியாரின் மருமகனாக இருந்த ஃபூட் தாம் கண்டதைக் கண்டபடி எழுதினார். உண்மை உண்மைக்குப் பகையாகாது.

நாம் செய்ய வேண்டியது

அன்றைய பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. எங்களுள் ஒருத்தி, கூரிய முனையுள்ள ஒரு கல்லை யாரும் அறியாமல் பையில் போட்டுக்கொண்டாள். அது கருவியோ வெறுங்கல்லோ, நாங்கள் அறியோம். பேருந்தில் ஏறும் முன் அவளே அதை வெளியே எடுத்துக் காட்டினாள். நேரமாகிவிட்டது என்று ஓட்டுநர் முணுமுணுத்தாலும், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர அவளுடன் இருவர் திரும்பிச் சென்றனர். அரைமணி நேரம் காத்திருந்தோம்.

வெறும் ஒரு கல்லுக்காக அரைமணியா என்று கேட்கலாம். கிடந்த இடத்தில் கிடக்கும் கல் பேசும். எந்த மண்ணில், எந்தக் கல்லின் அருகில், எந்த அடுக்கில் என்று அது தன் வரலாற்றைச் சொல்லும். இடம் பெயர்ந்த கல் ஊமை. ஃபூட் தம் குறிப்புகளால் கற்களின் பேச்சைக் காத்தார். நாமோ சாலைக்கும் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் மண்ணையும் சரளையையும் வாரிக்கொண்டிருக்கிறோம். வேலையும் வீடும் நமக்கு வேண்டியவையே. அவற்றை நாம் குறை கூறவில்லை. நம் குடும்பங்கள் அவற்றால்தான் உண்கின்றன. ஆனால் பொக்லைன் இயந்திரம் ஒரு நாளில் அள்ளிச் செல்லும் மண்ணில், பதினைந்து இலட்சம் ஆண்டு காத்திருந்த செய்தி ஒன்று இருக்கக்கூடும். அதை ஒருமுறை இழந்தால் மறுமுறை பெற முடியாது.

ஆகவே அன்புத் தங்கையரே, அடுத்த விடுமுறையில் பெற்றோரிடம் உதகைக்குத்தான் செல்ல வேண்டும் என்று பிடிவாதம் செய்யாதீர்கள். பூண்டி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் செல்லும்படி கேளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றால் ஃபூட் திரட்டிய கற்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர் வயலிலோ ஓடையிலோ வினோதமான கல்லைக் கண்டால் எடுக்காமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

கடல் கடந்து வந்த ஒருவர் நம் மண்ணை இவ்வளவு உற்றுப் பார்த்தார். இங்கேயே பிறந்த நாம் அதை ஒருமுறையேனும் குனிந்து பார்க்க வேண்டாமா? படைத்தவரின் கைவேலையாகிய மலைகளையும், அவர் படைத்த மனிதரின் முதற் கைவேலையாகிய அக்கற்களையும் போற்றிக் காக்கும் நல்லறிவை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!